குறைவாகப் பறந்த ஜெட், குறைந்த விலை: வாங்கலாமா?

கேள்வி: பெங்களூர் பீன்யாவில் எங்களுக்கு மெஷினிங் தொழிற்சாலை. பூர்வீகம் கோயம்புத்தூர். ஜெர்மனிக்குப் பாகங்கள் அனுப்புகிறோம். ஸ்டுட்கார்ட், ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் வருஷத்துக்கு ஆறேழு தடவை போகவேண்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவுக்கு ஒரு தடவை. உள்நாட்டில் புனே, டெல்லி, கோவை. துபாய் தரகர் ஒருவர் 2010-இல் தயாரான பம்பார்டியர் குளோபல் எக்ஸ்.ஆர்.எஸ். ஒன்றைக் காட்டியிருக்கிறார். மொத்தம் 2,300 மணி நேரம்தான் பறந்ததாம். எஞ்சின் புரோகிராமில் இருக்கிறதாம். 60 மாதச் சோதனை இப்போதுதான் முடிந்ததால் நாம் தனியாகப் பரிசோதிக்கத் தேவையில்லை என்கிறார். விலை 100 கோடிக்குள். முன்பணம் அனுப்பச் சொல்கிறார். வாங்கலாமா? நாங்கள் போகாத நாட்களில் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டுச் செலவைத் தேற்றலாமா? அப்புறம், பதிவு எண்ணில் எங்கள் அப்பா பெயரின் எழுத்துகளைக் கேட்டு வாங்க முடியுமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

வணக்கம் சார். முன்பணத்தை இப்போது அனுப்பாதீர்கள். விமானம் மோசம் என்று நான் சொல்லவில்லை. பார்க்காத விமானத்தைப் பற்றி அப்படிச் சொல்லக்கூடாது. குளோபல் நல்ல ஜாதி விமானம்தான். ஆனால் தரகர் உங்களிடம் பெருமையாகச் சொன்ன விஷயங்களில், பின்னால் உங்கள் செலவைத் தீர்மானிக்கப் போகிற விஷயம் ஒன்றுகூட இல்லை. நான் விமானப் பராமரிப்புப் பொறியாளன். வாங்குபவர்கள் சார்பில் பழைய ஜெட்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. அந்தக் கோணத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயணத்துக்கு இவ்வளவு தூரம் பறக்கும் விமானம் வேண்டுமா? எக்ஸ்.ஆர்.எஸ். 6,150 கடல் மைல் போகும் என்பது கம்பெனி கணக்கு. சுமார் 11,390 கிலோமீட்டர். ரிசர்வ் எரிபொருளைக் கழித்துத்தான் இந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்றாலும், அது சிக்கனமான வேகத்தில், காற்றே இல்லாத நாளில் கிடைக்கும் தூரம். பெங்களூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் நேர்வழியில் ஏறக்குறைய 4,000 கடல் மைல். ஆனால் நேர்வழியில் போக முடியாது. 2025 ஏப்ரல் கடைசியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. அப்புறம் மாதாமாதம் நீட்டித்துக்கொண்டே போனது. நீங்கள் இந்தியப் பதிவு எடுத்தால் உங்கள் விமானமும் அந்தக் கணக்கில்தான் வரும். அரபிக்கடல் தாண்டி ஓமன், சவூதி வழியாகச் சுற்றினால் 200 மைலுக்கு மேல் கூடுகிறது. டிசம்பர், ஜனவரியில் மேற்கே போகும்போது எதிர்க்காற்று வேறு. சராசரி 45 நாட் (மணிக்கு 45 கடல் மைல்) என்று வைத்தாலே அந்த 4,200 மைல் பாதை, காற்றில்லாத நாளின் 4,650 அல்லது 4,700 மைலுக்குச் சமமாகிவிடும்.

ஆக உங்களுக்கு வேண்டியது, கம்பெனி காகிதத்தில் 5,000 மைலுக்குக் கொஞ்சம் மேலே போட்டிருக்கிற விமானம். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி450-க்கு 4,350 மைல்தான். குளிர்காலத்தில் நடுவில் இறங்க வேண்டியிருக்கும். ஃபால்கன் 900 எல்.எக்ஸ். 4,750, எட்டும், ஆனால் கேப்டன் வழியெல்லாம் எரிபொருள் முள்ளைப் பார்த்துக்கொண்டே போவார். குளோபல் 5000-க்கு 5,200. எக்ஸ்.ஆர்.எஸ்.ஸின் அதே பி.ஆர். 710 எஞ்சின், அதே அகலக் கேபின், உடல் மட்டும் கொஞ்சம் குட்டை.

“கலிஃபோர்னியா?” என்று கேட்பீர்கள். ஏர் இந்தியா 2021 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ – பெங்களூர் நேரடி விமானம் விட்டபோது அந்தத் தூரம் 13,993 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். அதாவது சுமார் 7,550 கடல் மைல். எக்ஸ்.ஆர்.எஸ்.ஸும் ஒரே மூச்சில் போகாது, 5000-உம் போகாது. இரண்டுமே டோக்கியோவிலோ ஐரோப்பாவிலோ ஒருமுறை இறங்கித்தான் ஏற வேண்டும். கூடுதலாகக் கிடைக்கும் 950 மைலால் உங்களுக்கு ஒரு நிறுத்தம்கூடக் குறைவதில்லை. இந்தக் கணக்கை யாரும் உங்களுக்குப் போட்டுக் காட்டவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கோவைக்கு இதில் போகும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். 40 டன்னுக்கு மேல் எடையோடு கிளம்பக்கூடிய விமானத்தை 230 கிலோமீட்டருக்கு ஏற்றி இறக்கினால் சக்கரமும் பிரேக்கும்தான் தேயும். வந்தே பாரத் இருக்கிறது.

சரி, அந்த 2,300 மணி நேரத்துக்கு வருவோம். கார் வாங்குகிறவர்கள் கிலோமீட்டர் குறைவாக ஓடியதைத் தேடுவது போல எல்லோரும் இதில் மயங்குகிறார்கள். பதினைந்து வருஷத்தில் 2,300 மணி என்றால் வருஷத்துக்கு 150 மணியைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. நடுவில் மாதக்கணக்கில் சும்மா நின்றிருக்கும். நின்ற இடம் எது? ஹாங்கருக்குள்ளா, வளைகுடா வெயிலில் திறந்தவெளியிலா? சும்மா நிற்கும் விமானத்தில் சீல்கள் காய்ந்து கசியத் தொடங்கும். எரிபொருள் தொட்டியின் அடியில் தங்கும் தண்ணீரில் பூஞ்சை வளரும். எஞ்சினை இத்தனை நாளுக்கு மேல் ஓட்டாமல் வைத்தால் பாதுகாப்பு முறைப்படி மூடி வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே விதி வைத்திருக்கிறார். அப்படிச் செய்ததற்கு வேலைக் குறிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். “பத்திரமாகத்தான் இருந்தது” என்ற வாய்ப்பேச்சு செல்லாது.

இன்னொரு எண்ணையும் கேளுங்கள்: ஏ.பி.யு. மணி எவ்வளவு? வாலில் இருக்கும் அந்தச் சின்ன எஞ்சின்தான் தரையில் நிற்கும்போது ஏ.சி.க்கும் மின்சாரத்துக்கும் ஓடுவது. வளைகுடாவில் முதலாளி வருவதற்கு முன் கேபினைக் குளிர வைக்க அதை மணிக்கணக்கில் ஓட விடுவார்கள். விமானம் குறைவாகப் பறந்திருக்கும், ஏ.பி.யு. ஓய்ந்துபோகும் அளவுக்கு உழைத்திருக்கும். விளம்பரத்தில் இந்த எண்ணைப் போடவே மாட்டார்கள். அதைச் சரிசெய்யும் பில் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

இந்த வகை விமானங்களில் பணத்தை விழுங்குவது காலண்டர். குளோபலுக்கு 30, 60, 120, 240 மாதம் என்று சோதனைகள் வரும். பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும். உங்கள் விமானம் 2010 தயாரிப்பு. 2025-இல் செய்திருப்பது 60 மாத வேலை, அது நடுத்தரம். பெரியது 120 மாத வேலை. உள் அலங்காரத்தைக் கழற்றி, தரைப் பலகைகளைத் தூக்கி, எலும்புக்கூட்டைப் பார்ப்பார்கள். லேண்டிங் கியர் ஓவர்ஹாலையும் அதோடு சேர்த்து வைத்துக்கொள்வது வழக்கம். அது 2020-இல் வந்திருக்க வேண்டும். 2020 என்ன வருஷம் என்று உங்களுக்குத் தெரியும். ஊரே அடைத்துக் கிடந்த அந்தச் சமயத்தில் பல நாடுகளின் விமானத் துறைகள் சோதனைகளுக்குத் தற்காலிக நீட்டிப்பு கொடுத்தன. இந்த விமானத்துக்கு அந்த வேலை முழுசாக நடந்ததா, எங்கே, எத்தனை நாள் நடந்தது, எதையாவது தள்ளிப்போட்டார்களா? அந்த வேலைத் தொகுப்பின் முழு நகலைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

அடுத்தது 2030. அப்போது 120 மாத வேலை இரண்டாம் முறை வரும், 240 மாத வேலையும் சேர்ந்து வரும். அதற்குள் விமானத்துக்கு இருபது வயது. இன்று 100 கோடி கொடுத்து வாங்கினால், நான்கு வருஷத்தில் பல கோடிக்கு ஒரு செலவு காத்திருக்கிறது. அதை முடித்தபின் விற்கப் போனால் உங்களுக்கு விலை கிடைக்காது. முடிக்காமல் விற்கப் போனால் வாங்க ஆளே வரமாட்டார்கள். இதை இப்போதே விலையில் கழித்துப் பேச வேண்டும். விற்பவர் ஏன் இப்போது விற்கிறார் என்பதற்கும் பெரும்பாலும் இதுதான் விடை.

எஞ்சின் “புரோகிராமில் இருக்கிறது” என்பது நல்ல வார்த்தை, ஆனால் பாதி வார்த்தை. பி.ஆர். 710-க்கு ரோல்ஸ்-ராய்ஸின் கார்ப்பரேட்கேர் உண்டு. வேறு கம்பெனிகளின் மணிக்கட்டணத் திட்டங்களும் உண்டு. பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டிவந்தால் எஞ்சினின் பெரிய வேலைகளைத் திட்டக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். எந்தத் திட்டம், எந்த நாளிலிருந்து, நிலுவை இருக்கிறதா, புது உரிமையாளர் பெயருக்கு மாறுமா, இந்தியாவில் வைத்து ஓட்டினாலும் செல்லுமா என்பதைத் திட்டக்காரர்களிடமிருந்தே கடிதமாக வாங்குங்கள். தரகர் அனுப்பும் வாட்ஸ்அப் படம் போதாது. விட்டுப்போன மணிகளுக்கும் சேர்த்துக் கட்டி உள்ளே நுழையச் சொன்னால், அது தனியாக ஒரு பெரிய தொகை. திட்டமே இல்லாவிட்டால் ஒரு எஞ்சின் ஓவர்ஹால் இருபது கோடியைத் தாண்டும். இரண்டு எஞ்சின் இருக்கிறது.

பரிசோதனை தேவையில்லை என்று விற்கும் பக்கத்தில் யார் சொன்னாலும், எனக்கு அந்த விமானத்தின் மேல் இருக்கும் சந்தேகம் இரண்டு மடங்காகும். 60 மாத வேலையைச் செய்த கூடம் விற்பவருக்காகச் செய்தது. அவர் கேட்டதை மட்டும் பார்த்திருக்கும். வாங்கும் முன் பரிசோதனை, அதாவது பி.பி.ஐ., அதுவரை இந்த விமானத்தைத் தொடாத வேறு ஒரு கூடத்தில் நடக்க வேண்டும். சிங்கப்பூர் செலெட்டாரில் பம்பார்டியரின் சொந்த சர்வீஸ் சென்டரே இருக்கிறது. செலவு உங்களுடையது, ஒரு கோடியை ஒட்டி வந்தால் பயப்படாதீர்கள். பறக்கத் தடையாகும் குறைகளை விற்பவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், சோஃபா கிழிசல் மாதிரி அழகுக் குறைகளைப் பேசித் தீர்க்கலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நடைமுறை இதுதான்.

அங்கே என்ன பார்ப்போம் என்று ஒன்றிரண்டு சொல்கிறேன். நான் முதலில் போவது காக்பிட்டுக்கு இல்லை, கழிவறைக்கும் சமையல் மேடைக்கும். அவற்றின் அடியில்தான் தண்ணீர், காபி, கழிவறையின் நீலத் திரவம் எல்லாம் வருஷக்கணக்கில் சொட்டியிருக்கும். கம்பளத்தைச் சுருட்டி, தரைப் பலகையின் திருகுகளைக் கழற்றித் தூக்கினால் கீழே அலுமினியச் சட்டம் தெரியும். நல்லதாக இருந்தால் பச்சை பிரைமர் பளபளவென்று இருக்கும். இல்லாவிட்டால் ஓரங்களில் பெயிண்ட் கொப்பளித்து, நகத்தால் சுரண்டினால் உப்பு மாதிரி வெள்ளைப் பொடி உதிரும். அது அரிப்பு. எவ்வளவு ஆழம் தின்றிருக்கிறது என்பதைப் பொறுத்து, தேய்த்து எடுத்தால் போதுமா, சட்டத்தையே மாற்ற வேண்டுமா என்பது முடிவாகும். இரண்டாவது என்றால் மாதக்கணக்கில் வேலை. வெளியே புதுப் பெயிண்ட் அடித்து, உள்ளே புதுத் தோல் தைத்த விமானத்தில்தான் இதைக் கவனமாகத் தேடுவேன். விற்பதற்கு முன் யாராவது அவ்வளவு செலவு செய்தால் எதற்கு என்று ஒரு கேள்வி வர வேண்டாமா?

அடுத்து போரோஸ்கோப். மெல்லிய கேமரா குழாயை எஞ்சினுக்குள் விட்டு ஒவ்வொரு தகடாகத் திருப்பிப் பார்ப்பது. வளைகுடாவில் ஓடிய எஞ்சினில் மணல்தான் எதிரி. முன்பக்க கம்ப்ரசர் தகடுகளின் விளிம்பை அது அரம் மாதிரி தேய்க்கும். உள்ளே எரியறையின் சூட்டில் அதே தூசி உருகிக் கண்ணாடிப் படலம்போல் டர்பைன் தகடுகளில் ஒட்டி, குளிர்காற்று வரும் சின்னஞ்சிறு துளைகளை அடைக்கும். துளை அடைந்தால் தகடு வெந்துபோகும். வெளியே சோதனை ஓட்டத்தில் எல்லா எண்ணும் சரியாகவே காட்டும். கூடவே எஞ்சின் மேல் அடித்திருக்கும் தகட்டின் எண்ணைக் காகிதத்தோடு ஒத்துப் பாருங்கள். ஓவர்ஹாலுக்கு அனுப்பிய எஞ்சினுக்குப் பதில் இரவல் எஞ்சின் மாட்டியபடியே விமானம் விற்பனைக்கு வருவதுண்டு.

அப்புறம் காகிதம். ஆயுள் கணக்குள்ள பாகங்கள், அதாவது எஞ்சினின் சுழல் வட்டுகள், லேண்டிங் கியர் பாகங்கள் எல்லாவற்றுக்கும் பிறந்த நாளிலிருந்து இன்று வரை தொடர்ச்சியான பதிவு வேண்டும். எங்கள் தொழிலில் பேக்-டு-பர்த் என்போம். ஒரு விற்பனையில் விமானம் தங்கம் மாதிரி இருந்தது. லேண்டிங் கியரின் ஒரு பாகம் நடுவில் மாற்றப்பட்டிருந்தது, ஆனால் அதற்கு முன் அது எந்த விமானத்தில் எத்தனை தடவை இறங்கியது என்பதற்குச் சான்று இல்லை. பாகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் காகிதம் இல்லாத பாகம் எங்களுக்குக் குப்பைதான். புதிது மாட்டித்தான் ஆக வேண்டும். மாட்டியது விற்பவர் செலவில், ஏனென்றால் பணம் அதுவரை கைமாறவில்லை. கேபினில் சோபா, வைஃபை, திரை என்று பின்னால் சேர்த்த ஒவ்வொன்றுக்கும் எஸ்.டி.சி., அதாவது மாற்றத்துக்கான அதிகாரபூர்வ ஒப்புதல், துணிகளுக்குத் தீப்பற்றாச் சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அவற்றை இங்கே டி.ஜி.சி.ஏ., அதாவது நம் சிவில் விமான ஒழுங்குமுறைத் துறை, ஏற்க வேண்டும்.

காக்பிட் பற்றிச் சுருக்கமாக. எக்ஸ்.ஆர்.எஸ்.ஸில் இருப்பது ஹனிவெல்லின் பழைய தலைமுறை. 2012-இலிருந்து வந்த குளோபல்களில் விஷன் என்ற புதிய காக்பிட். உங்களுடையதில் ஏ.டி.எஸ்.-பி. அவுட் (விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் கருவி), டேட்டாலிங்க் (கட்டுப்பாட்டு அறையோடு எழுத்தில் செய்தி பரிமாறும் வசதி) மேம்பாடுகள் செய்து காகிதமும் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐரோப்பாவில் நல்ல உயரமும் நல்ல பாதையும் கிடைக்காது. இந்தியப் பதிவுக்கு வரும் விமானங்களில் நம் ககன் செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் வசதி வேண்டும் என்று 2016 சிவில் விமானக் கொள்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். அதையும் கேள்விப் பட்டியலில் சேருங்கள்.

இனி நம் ஊர் விவகாரம். பழைய விமானத்தை நினைத்த மாதிரி உள்ளே கொண்டுவர முடியாது. காற்றழுத்தக் கேபின் உள்ள விமானங்களுக்கு இத்தனை வயது, இத்தனை அழுத்தச் சுழற்சி (ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சுழற்சி) என்று டி.ஜி.சி.ஏ. வரம்பு வைத்திருக்கிறது. சிவில் ஏவியேஷன் ரிக்வயர்மென்ட்ஸில் பிரிவு 2, வரிசை எஃப், பாகம் 20. அது பலமுறை திருத்தப்பட்ட விதி. பதினைந்து வயது தாண்டிய விமானத்துக்கு, இறக்குமதி அனுமதி முடியும் நாளில் வயது எவ்வளவாக இருக்கும் என்று கணக்கிட்டு, இன்றைய திருத்தத்தின்படி எழுத்தில் உறுதி வாங்கிவிட்டுத்தான் திரும்பக் கிடைக்காத பணம் எதையும் கட்ட வேண்டும்.

வரிதான் உங்களுக்குப் பெரிய அதிர்ச்சியாக இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோகத்துக்கான விமானத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். 100 கோடி விமானத்துக்கு 40 கோடி, சுங்கவரி தனி. மற்ற விமானங்களுக்கு 5 சதவீதம். இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும்: என்.எஸ்.ஓ.பி. என்ற வாடகை விமான பெர்மிட்டில் கொண்டுவந்து நாமே பயன்படுத்தினால் என்ன? செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சலுகை இறக்குமதியின்போது சுங்கத்துறையிடம் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியின் பேரில் கிடைப்பது. விமானம் உண்மையில் வாடகைச் சேவையில் ஓடியதா என்று பின்னால் கேள்வி வந்து, வழக்கு வருஷக்கணக்கில் இழுத்த கதைகள் இந்தத் துறையில் நிறைய. உங்கள் ஆடிட்டர் மட்டும் போதாது. சுங்க வழக்கு பார்த்த வக்கீலிடம் எழுத்தில் அபிப்பிராயம் வாங்குங்கள்.

தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விடுவது பற்றிய உங்கள் கேள்விக்கும் இங்கேதான் பதில். தனியார் பதிவு விமானத்தில் யாரிடமும் காசு வாங்கக்கூடாது. டீசல் காசு மாதிரி “எரிபொருளுக்கு மட்டும்” என்று வாங்கினாலும் அது வாடகைதான். நண்பர், சம்பந்தி, சங்கத் தலைவர் யாராக இருந்தாலும் சரி. மாட்டினால் அபராதம் ஒருபக்கம். ஏதாவது நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும், அதுதான் பெரிய ஆபத்து. சட்டப்படி வாடகை வேண்டும் என்றால், ஏற்கெனவே என்.எஸ்.ஓ.பி. வைத்திருக்கும் நல்ல ஆபரேட்டர் ஒருவரின் பெர்மிட்டில் விமானத்தைச் சேர்த்து, நிர்வாகத்தை அவரிடம் விடுங்கள். ஒரே ஒரு விமானத்துக்காக நீங்களே பெர்மிட் எடுத்து, பொறுப்பு மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, தொடர் பராமரிப்பு அமைப்பு என்று ஒரு குட்டி ஏர்லைன்ஸ் நடத்த வேண்டாம். உங்களுக்குத் தொழிற்சாலையே போதும். வாடகை வருமானத்தால் மொத்தச் செலவும் வந்துவிடும் என்று யாராவது எக்செல் காட்டினால், அதில் எத்தனை மணி நேர வாடகை என்று போட்டிருக்கிறார்கள் என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள். பெரிய ஜெட்டுக்கு வாடகைக்காரர்கள் அவ்வளவு பேர் பெங்களூரில் வரிசையில் நிற்கவில்லை.

நிரந்தரச் செலவில் பைலட்டுகள் முதலில். நினைத்த நேரத்தில் ஐரோப்பா கிளம்ப வேண்டும் என்றால் பணிநேர விதிகளின்படி நான்கு பேராவது தேவை. அவர்களுக்கு சிமுலேட்டர் பயிற்சி வெளிநாட்டில். நிறுத்துமிடத்துக்கு கெம்பெகௌடாவிலோ பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்திலோ முன்னாலேயே எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மும்பைக்குப் போனால் உங்களை இறக்கிவிட்டு விமானம் வேறு ஊருக்குப் போய் நிற்க வேண்டிவரலாம். எரிபொருள் மணிக்கு ஏறக்குறைய 1,700 லிட்டர். பராமரிப்புக்கு ஹோசூர் பக்கம் பெலகொண்டப்பள்ளியிலேயே ஓடுபாதையோடு கூடம் இருக்கிறது. ஆனால் இந்த ரக விமானத்துக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துத்தான் சேர வேண்டும். பெரிய சோதனைகளுக்கு எப்படியும் வெளிநாடுதான்.

பணத்தை அனுப்பும் முறை பற்றி. தரகரின் சொந்தக் கம்பெனிக் கணக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது. முதலில் லெட்டர் ஆஃப் இன்டென்ட், அதாவது வாங்க விருப்பம் தெரிவிக்கும் கடிதம். அப்புறம் முன்பணம் எஸ்க்ரோ ஏஜென்டிடம், அதாவது இரு தரப்புக்கும் பொதுவாகப் பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் மூன்றாம் ஆளிடம். விமான விற்பனைக்கென்றே எஸ்க்ரோ நடத்தும் கம்பெனிகள் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் வரிசையாக இருக்கின்றன. அமெரிக்க விமானப் பதிவு அலுவலகம் அங்கே இருப்பதால். பரிசோதனை முடிந்து நீங்கள் கையெழுத்துப் போட்டு ஏற்கும் வரை அது முழுசாகத் திரும்பக் கிடைக்கும் பணமாக இருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். டப்ளினிலிருந்து நடக்கும் சர்வதேசப் பதிவேட்டில் விமானத்தின் தொடர் எண்ணுக்கும், இரண்டு எஞ்சின் எண்களுக்கும் தனித்தனியாகக் கடன் பதிவு இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். எஞ்சின்மேல் தனியாக அடமானம் இருக்கலாம். ஐரோப்பாவில் பறந்திருந்தால் அங்கே வான்பாதைக் கட்டணம் வசூலிக்கும் யூரோகண்ட்ரோல் அமைப்பிடம் பாக்கி இல்லை என்று கடிதம் வாங்குங்கள். பழைய பாக்கிக்காகப் புது முதலாளியின் விமானத்தைப் பிடித்து வைக்கும் நாடுகள் உண்டு. நீங்களும் வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால், விமானக் கடன்காரர்களின் உரிமைக்காக இந்தியாவில் 2025-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது; வங்கி அதன்படி சில அதிகாரப் பத்திரங்களைக் கேட்கும், திகைக்க வேண்டாம்.

என் யோசனை இது. ஒரு வருஷம் வாடகை ஜெட்டில் ஜெர்மனி போய் வாருங்கள். எத்தனை பேர் ஏறினீர்கள், எத்தனை மணி பறந்தீர்கள், எத்தனை தடவை சாதாரண பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டிலேயே வேலை முடிந்திருக்கும் என்று உங்கள் பி.ஏ.வைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். வருஷத்துக்கு 200 மணிக்குக் கீழே இருந்தால் சொந்த விமானம் கட்டாது என்பது என் அபிப்பிராயம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அதைத் தொடுவதே சந்தேகம். அதற்கு மேல் போனால், 2012-க்குப் பின் வந்த விஷன் காக்பிட் குளோபல் 5000, 120 மாத வேலையைச் சமீபத்தில் முடித்தது, எஞ்சின் திட்டக் கடிதம் கையில் இருப்பது என்று தேடுவோம். மணிக்கணக்கு 4,000 ஆனாலும் எனக்குக் கவலையில்லை. ஒழுங்காகப் பறந்து ஒழுங்காகப் பராமரித்த விமானம் என்றுதான் அதற்கு அர்த்தம். விலை கூடத்தான் இருக்கும்.

பதிவு எழுத்துகள் கேட்டீர்கள். இந்தியப் பதிவு எண்ணின் தொடக்கமான விடி-க்கு (VT) அப்புறம் வரும் மூன்று எழுத்துகளை, வேறு யாருக்கும் ஒதுக்காமல் இருந்தால், டி.ஜி.சி.ஏ.வுக்குக் கட்டணம் கட்டி விருப்பப்படி வாங்கலாம். ஆபத்துக்கால அழைப்போடு குழப்பம் தரும் எஸ்.ஓ.எஸ். மாதிரியானவையும், க்யூவில் தொடங்குபவையும் தரமாட்டார்கள். எந்த விமானம் என்று முடிவாகும் முன்பே மூன்று நான்கு தெரிவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் தெரிவு பெரும்பாலும் வேறு யாரிடமாவது இருக்கும்.